பீரோவில் அவள் தட்டு

போன வருடம் ஆடி மாதம். ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டில் இருக்கிற எங்கள் வீட்டில் நடந்தது.

நான் கார் பாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறேன். தகட்டை வைத்தால் மிஷின் அடித்து வளைத்துக் கொடுக்கும். என் மனைவி காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டும் வேறொரு கம்பெனியில் இருக்கிறாள். எனக்கு இரண்டாம் ஷிப்டு, அவளுக்கு முதல் ஷிப்டு. நான் வேலை முடிந்து வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். விடிவதற்கு முன் அவள் கம்பெனி பஸ் ஏறும்போது நான் படுத்திருப்பேன். அவள் வீட்டுக்குத் திரும்பும் நேரம் நான் மிஷின் முன்னால் நிற்பேன். ஞாயிறு இரண்டு பேருக்கும் லீவு என்று பேர். எனக்கு முக்கால்வாசி ஞாயிறு ஓ.டி. வந்துவிடும்.

மகள் வீட்டில் இருந்தவரை இது தெரியவில்லை. அவள்தான் நடுவில் ஆள். "அம்மா காஸ் புக் பண்ணச் சொல்லிச்சு" என்பாள். "அப்பா கொயம்பு நல்லா கீதுன்னுச்சு" என்று அந்தப் பக்கம் சொல்வாள். நான் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வாள் என்று நினைக்கிறேன். நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. ஒருவர் விழித்திருக்கும்போது இன்னொருவர் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன மனக்கசப்பு. மாமியார் ஊர் தண்டலம் தாண்டி உள்ளே. அங்கே அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். சேர்ந்து போகலாம் என்று சொல்லியிருந்தேன். சூப்பர்வைசர் ஓ.டி. போட்டுவிட்டார். காலையில் அவள் மஞ்சள் புடவை கட்டி, பூ வைத்துத் தயாராக நின்றாள். நான் யூனிபார்ம் மாட்டுவதைப் பார்த்தாள்.

"நான் அங்கயே இருந்துட்டாகூட உனுக்குத் தெரியப் போறதில்ல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

தனியாகப் போய்த் தனியாக வந்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது அடுப்பு மேல் ஒரு தூக்கில் எனக்குக் கூழ் இருந்தது. குடித்துவிட்டுப் படுத்தேன்.

வியாழக்கிழமை காலை என்னவோ அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது நல்ல வெயில். அவள் வேலைக்குப் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். குளித்துவிட்டு யூனிபார்ம் எடுக்க பீரோவைத் திறந்தேன்.

அந்தப் பீரோ கல்யாணச் சீரில் வந்தது. பச்சைக் கலர், கண்ணாடி வைத்தது. மேல் இரண்டு தட்டும் அவளுக்கு. நடுத்தட்டு மகளுக்கு. கீழே எனக்கு. என் தட்டை வெளியாள் பார்க்கக் கூடாது. சட்டை, லுங்கி, சாக்ஸ் எல்லாம் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். ஒன்றை இழுத்தால் கூட நாலு விழும்.

அன்றைக்கு எதுவும் விழவில்லை.

மேல் தட்டில் என் சட்டைகள். காலர் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருந்தது. அதற்குக் கீழே பேன்ட். மகள் தட்டு மட்டும் அப்படியே. கீழே ஒரு பக்கம் கம்பெனி யூனிபார்ம், இன்னொரு பக்கம் பனியன், துண்டு, லுங்கி. புதிதாகப் பேப்பர் விரித்து, மூலையில் அந்துருண்டை போட்டிருந்தது. அவ்வளவு சுத்தமாக அந்தப் பீரோவை நான் பார்த்ததே இல்லை.

அவள் துணி ஒன்றுகூட இல்லை.

புடவை இல்லை. நைட்டி இல்லை. பாவாடை, ஜாக்கெட் இல்லை. கதவின் உள்பக்கக் கொக்கியில் தொங்கும் சேஃப்டி பின் கொத்துகூட இல்லை. பீரோ மேலே பார்த்தேன். ஊருக்குப் போனால் எடுக்கிற பெரிய பை அங்கேதான் இருக்கும். அதுவும் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒருத்தி போவதென்று முடிவு செய்தால் இப்படித்தான் செய்வாள் என்று தோன்றியது. இவன் தேடித் தவிக்க வேண்டாம் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் போவாள். என் மனைவி அப்படிப்பட்டவள்தான். எவ்வளவு கோபம் இருந்தாலும் அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் படுப்பாள். சமையலறைக்குப் போனேன். சாதமும் காராமணிக் குழம்பும் மூடி வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் பயம் இன்னும் ஏறியது.

அவள் போனுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவள் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். ஷிப்டு முடிந்துதான் கைக்கு வரும். எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான். வேலைக்குப் போயிருந்தாலும் ஸ்விட்ச் ஆஃப்தான். வீட்டை விட்டே போயிருந்தாலும் ஸ்விட்ச் ஆஃப்தான்.

மாமியாருக்கு அடித்தேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை.

"இன்னா மாப்ள, அதிசயமா கீது. மய வந்துடப் போவுது" என்றார்.

"சும்மாதான் அத்த. நல்லா கீறீங்களா?"

"எனுக்கு இன்னா. அவ எங்க, வேலைக்குப் பூட்டாளா?"

"ம்."

"ஞாயித்துக்கெயம வந்தவ ஒரு வாய்கூட ஒயுங்கா துண்ணல. ஒடம்புக்கு இன்னாடின்னு கேட்டா சிரிக்கிறா. பாத்துக்கப்பா."

சரி என்று வைத்தேன். அங்கே இல்லை. இல்லாவிட்டால், அங்கே இருந்துகொண்டே அம்மாவை இப்படிப் பேசச் சொல்லியிருக்கிறாள். இரண்டில் எது எனக்கு நல்லது என்று தெரியவில்லை.

சாப்பிடவில்லை. வண்டியை எடுத்தேன்.

அவள் கம்பெனி கேட் முன்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. இத்தனை வருடத்தில் நான் அந்த கேட்டுக்குப் போனதில்லை. செக்யூரிட்டிக்கு என் வயசு இருக்கும். பேச்சு மதுரைப் பக்கம்.

"யாரைப் பாக்கணும்ணே?"

மனைவி பேரைச் சொன்னேன். எந்த லைன் என்றார். தெரியவில்லை. ஒயர் கட்டுகிற இடம் என்றேன்.

"உள்ள இருக்க அம்புட்டுப் பேரும் ஒயர்தாண்ணே கட்டுறாக."

"இன்னிக்கு வேலைக்கு வந்துகீறாளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"லேடீஸ் வந்திருக்காகளா இல்லையான்னு வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுண்ணே. ரூல்ஸு."

"நான் அவ வூட்டுக்காரன்."

"அப்படிச் சொல்லிட்டுத்தாண்ணே எல்லாரும் வர்றாக."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். பெண்கள் வேலை செய்கிற இடம்.

அவரே மறுபடி கேட்டார். "வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா? அப்படின்னாச் சொல்லுங்க. உள்ள போன் போட்டு வரச் சொல்றேன்."

நான் என்ன சொல்வது? பீரோவில் துணி இல்லை என்றா? மகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உள்ளே இருந்தால் பதறி ஓடி வந்திருப்பாள். அப்படி அவளை ஓட வைக்க மனசு வரவில்லை.

"அப்படி ஒண்ணும் இல்ல. அவ கீறாளான்னு தெரிஞ்சா போதும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். காவல் கூண்டுக்குள் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து மதில் ஓரமாக நிழலில் போட்டார். அவர் உட்காருகிற நாற்காலி அது.

"ஷிப்டு விட நேரம் கெடக்கு. இங்கிட்டு உக்காருங்க. விட்டா எல்லாரும் இந்த கேட்டு வழியாத்தான் வரணும். இருந்தா வருவாக."

இருந்தா வருவாக. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே லாரிகளைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

என் கம்பெனி பஸ் வரும் நேரம் ஆனது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு இன்றைக்கு வரவில்லை என்றேன்.

"யோவ், லைன்ல ஆளே இல்லய்யா. இன்னா விஷயம்?"

"வூட்ல ஒரு வேல சார்."

"இன்னா வேல?"

"பீரோ வேல" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"பீரோவுக்கு லீவு போடற ஒரே ஆளு நீதான்யா" என்று வைத்துவிட்டார்.

உட்கார்ந்து, அவள் தட்டில் என்னென்ன புடவை இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். மஞ்சள் நினைவுக்கு வந்தது. கல்யாணப் பட்டு நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தினமும் அந்தக் கதவைத் திறக்கிறேன். அவள் முகம்கூட, நான் தினமும் பார்ப்பது தூங்குகிற முகம்தான். விழித்திருக்கும் முகம் ஞாயிற்றுக்கிழமை பார்த்தது. அப்போதும் யூனிபார்ம் பட்டனைப் போட்டுக்கொண்டே பார்த்தேன்.

சங்கு ஊதியது. கேட்டைத் திறந்தார்கள். கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு. தலையில் தொப்பி. பாதிப் பேர் மாஸ்க்கைக்கூடக் கழற்றவில்லை. நான் எழுந்து நின்றேன். உயரத்தைப் பார்த்தேன், நடையைப் பார்த்தேன். எல்லாரும் அவள் மாதிரியே இருந்தார்கள். கிட்டே வந்தால் வேறு யாரோ. என் பெண்டாட்டியை எனக்கு அடையாளம் தெரியவில்லையா, அவள் வரவே இல்லையா என்று புரியவில்லை.

பஸ்கள் நிரம்பின. ஒன்று கிளம்பிவிட்டது. கேட் காலியாகிக்கொண்டே வந்தது. செக்யூரிட்டி என் பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வீட்டில் கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது.

இரண்டு இளம் பெண்களுடன் வந்துகொண்டிருந்தாள். போனைக் கையில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடி வந்தாள்.

"பாப்பாவுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

"எங்கம்மாவுக்கா?"

"எல்லாரும் நல்லா கீறாங்க."

அவளுக்கு மூச்சு வாங்கியது. கூட வந்த பெண்கள் கிட்டே வந்துவிட்டார்கள். தெற்குப் பக்கத்துப் பிள்ளைகள், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்பவர்கள்.

"யாருக்கா இது?"

"எங்க வூட்டுக்காரரு."

"எக்கா! ஒங்களுக்கு வீட்டுக்காரரு உண்டுமா? ஒரு நாளும் கூப்பிட வரக் காணோம், நாங்க சும்மா சொல்லுதீகன்னுல்லா நெனச்சோம்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவள் முதுகில் அடித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

"இன்னாயா விஷயம்? ஷிப்டுக்குப் போவாம?"

"பீரோல உன் துணி காணோம்" என்றேன்.

"அதுக்கு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. கண் கலங்கியதா, வெயிலா, தெரியவில்லை. அந்தப் பெண்களிடம் திரும்பி, பஸ்ஸில் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னாள். அவர்களும் சத்தமில்லாமல் போனார்கள்.

நாற்காலியை எடுத்துக் கூண்டுக்குள் வைத்தேன். செக்யூரிட்டி, "போயிட்டு வாங்கண்ணே" என்றார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து, தோளில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பேசினாள்.

"சமையக்கட்டுல பரண் மேல பை கீது. பாக்கலயா?"

"சமையக்கட்டுல துணிக்கு இன்னா வேல?"

"அந்தப் பீரோ கதவு கீச்சுனு கத்துது. நீ வந்து படுக்கறதே எந்நேரமோ. நான் விடிகாலைல பொடவ எடுக்கத் தொறந்தா நீ பொரண்டு பொரண்டு படுக்கற. போன வாரம் பிரஸ்ல கை மாட்டப் பாத்துச்சுன்னு பாப்பா கிட்ட சொன்னியாமே. அது எங்கிட்ட அயுவுது. தூக்கம் இல்லாமதான் அப்டி ஆவுதுன்னு பட்டுச்சு. எண்ணெ வுட்டுப் பாத்தேன், கேக்கல. அதான் என் துணிய அங்க மாத்திட்டேன்."

வண்டியை ஓரம் கட்டினேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நேத்து சாயந்தரம் பூரா அதான் வேல. உனுக்குக் கைக்கு எட்டறாப்ல அடுக்கினேன். நல்லா கீதா?"

"நல்லாதான் கீது."

"அப்புறம் இன்னா?"

"நான் தூக்கம் கெட்டுப் பொரள்ல. முயிச்சினுதான் கெடப்பேன். நீ பீரோவத் தொறக்கறது கேக்கணும்னு."

தோளில் இருந்த கையை எடுத்தாள்.

"அது ஒண்ணுதான் எனுக்கு. அது கேட்டா நீ கீறன்னு அர்த்தம்."

"முயிச்சினு இருந்தா பேசறதுதானே?"

"பேசினா நீ பஸ்ஸ வுட்டுடுவ."

"ஒரு நாளு வுட்டா இன்னாயா?" என்று என் முதுகில் குத்தினாள். வலிக்கிற மாதிரிதான் குத்தினாள்.

வீட்டுக்கு வந்தோம். மதிய நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கதவைத் திறந்து உள்ளே போவது எனக்குப் புதிதாக இருந்தது. காலையில் சாப்பிடாத சோற்றை இரண்டு பேரும் சாப்பிட்டோம். பிறகு ஸ்டூல் போட்டுப் பையை இறக்கினேன். கட்டில் மேல் கொட்டினாள். நான் மேல் தட்டிலிருந்து என் சட்டைகளை எடுத்துக் கீழே மாற்றினேன்.

"அடுக்கி வெச்சத கலைக்காதயா. ஒரு நாளுகூட ஆவல."

"மேல் தட்டு உன்னுது."

கீழ்த் தட்டில் எல்லாம் கொள்ளவில்லை. சின்னதாகிப் போன சட்டைகளைக் கழித்தாள். மகள் பிறந்தபோது எடுத்த கட்டம் போட்ட சட்டையை என் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். "இது இனிமே உனுக்குக் கைக்குட்டைக்குத்தான் ஆவும்" என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். "எத எடுத்தாலும் இருக்கட்டும்னா பீரோ எப்டி மூடும்?" என்று கேட்டுவிட்டு, அதை மடித்து மகள் தட்டில் ஒரு மூலையில் சொருகினாள்.

புடவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிளிப்பச்சை ஒன்று. ஊதா ஒன்று. ஒரு சாம்பல் கலர், அதில் சின்னச் சின்னப் பூ. எதையும் அவள் கட்டி நான் பார்த்த நினைவு இல்லை. "இதெல்லாம் எப்ப கட்டின?" என்றேன். "கட்டினா எங்க போறது? கோட்டுக்குள்ள எது கட்டினா இன்னா?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கடைசியில் கல்யாணப் பட்டு. அரக்குக் கலர். விரித்துப் பார்த்து உச்சுக் கொட்டினாள். மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை கறுத்து, நூல் விட ஆரம்பித்திருந்தது.

"பட்ட வருஷத்துக்கு ஒரு தபா மடிப்பு மாத்தி வெக்கணும். இல்லாங்காட்டி மடிப்போட கியிஞ்சுடும். ஒண்டியா இத மடிக்க முடியாது. அந்தப் பக்கம் புடிக்க ஆளு வேணும். பாப்பா போனதுல இருந்து அப்டியே கெடக்குது."

"நான் புடிக்கிறேன்" என்றேன்.

"உனுக்குத் தெரியுமா?"

"சொல்லு."

சொல்லிக் கொடுத்தாள். அவள் கதவுப் பக்கம் ஒரு முனை, நான் ஜன்னல் பக்கம் ஒரு முனை. இழுத்துப் பிடித்து ஒரு உதறு. பிறகு நான் நடந்து போய் என் முனையை அவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். மறுபடி இழுத்துப் பிடித்து, மறுபடி கிட்டே போக வேண்டும். முதல் தடவை கோணலாகப் போயிற்று. பிரித்து மறுபடி மடித்தோம். ஒவ்வொரு தடவை முனையைக் கொடுக்கும்போதும் அவள் விரல் என் கையில் பட்டது. விரல் நுனியெல்லாம் ஒயர் அழுத்தி அழுத்திக் காய்த்துப் போயிருந்தது. எனக்கு அது தெரியாது. நான் அதைத் தொட்டுப் பார்ப்பதை அவள் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மடிக்க மடிக்க தூரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் புடவை ஒரு சின்னக் கட்டாக இரண்டு பேர் கைக்கும் நடுவில் இருந்தது. வாங்கி மேல் தட்டில் வைத்தாள். வேலை முடிந்துவிட்டது.

நான் ஊதாப் புடவையை எடுத்து உதறினேன்.

"யோவ், அது நேத்துதான் மடிச்சது. பட்டுகூட இல்ல."

"புடி" என்றேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் போய் நின்று முனையைப் பிடித்துக்கொண்டாள். அதை மடித்தோம். கிளிப்பச்சையைப் பிரித்தோம். அதையும் மடித்தோம். வெளிச்சம் போகும்வரை பேசாமல் மடித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகும் ஷிப்டு மாறவில்லை. முதல் ஷிப்டு கேட்டுப் பார்த்தேன். காரணம் என்ன என்றார் சூப்பர்வைசர். "வூட்ல அவளப் பாக்கணும் சார்" என்றேன். ஊருக்குப் போய்விட்டாளா என்றார். இல்லை, வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளுக்காக ஒரு மனுஷன் ஏங்குவான் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன், இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.